சுமையேறாத வண்டி

கர்ட்டன் அக்கா என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். புது வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் அடுப்புப் பற்றவைத்த கையோடு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து ஜன்னல்களை அளப்பாள், துணி காட்டுவாள், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைப்பாள். பிறகு தானே ஏணி போட்டு ஏறி, சுவரில் துளை போட்டு, கம்பியை மாட்டித் திரையைத் தொங்கவிட்டு, மடிப்பை ஒவ்வொன்றாக நீவிவிட்டு இறங்குவாள். இறங்கும்போது தலைமுடி முழுக்கச் சிமெண்டுத் தூள் இருக்கும். "நரைச்சுப் போச்சா, இல்ல இன்னிக்கு வேலையா?" என்று மாமியார் கேலி செய்வார்.

இத்தனை வேலைக்கும் அவளிடம் இருந்தது ஒரு சின்ன நீலநிறக் கார். முன்சீட்டைச் சாய்த்துவிட்டால் கம்பிகள் கண்ணாடியிலிருந்து கண்ணாடிவரை நீட்டிப் படுத்துக்கொள்ளும். பின்சீட்டில் துணிச் சுருள்கள். கூரையில் கயிற்றால் கட்டிய ஏணி. ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்கு வேண்டிய மொத்தத் திரையையும் அதில் திணித்துக்கொண்டு, கியரை மாற்றக்கூட இடமில்லாமல், துணிக்குள் கைவிட்டுத் தேடித் தேடி மாற்றியபடி போய்ச் சேர்ந்தாள். அந்தக் காரை அவள் கொஞ்சியதும் இல்லை, திட்டியதும் இல்லை. அது அவளுக்கு இன்னொரு கை மாதிரி.

கணவனுக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அவன் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் ஒரு சாப்பாட்டு டப்பாவும், மழைக்காலமென்றால் ஒரு குடையும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தக் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஓட்ட, அவள் கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சிக்னல் விழுந்து பச்சை வந்தபோது கார் ஒரு இருமு இருமி நின்றுவிட்டது. பின்னால், சுமை ஏற்றும் திறந்த தொட்டியோடு ஒரு பெரிய பிக்கப் வண்டி காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. பிறகு அது சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தது. மேலேயிருந்து ஒருவன் தலையை நீட்டி, "அந்தத் தீப்பெட்டிய ஓரமா தள்ளுய்யா!" என்று கத்திவிட்டுப் போனான்.

அவள் சிரித்துவிட்டாள். கணவன் சிரிக்கவில்லை. காது மடல் சிவக்க வண்டியைக் கிளப்பி வீடு வந்து சேர்ந்தான். அவள் அதை வாசலிலேயே மறந்துபோனாள். அவன் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சாப்பிடும்போதுகூடக் கையில் செல்போன் இருந்தது. அதில் பிக்கப் வண்டிகள் மலை ஏறின, சேற்றில் புரண்டன, ஆற்றில் இறங்கித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின.

"இங்க பாரு, எப்படி ஆத்துல எறங்குதுன்னு!"

"நீங்க ஆபீசுக்குப் போற வழியில ஆறு எங்க இருக்கு?"

"உனக்கு எப்பவும் நக்கல்தான்."

பிறகு ஒருநாள் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். "எல்லாம் உனக்காகத்தான் யோசிக்கிறேன். ராடு, ஏணி, துணின்னு அந்தச் சின்ன வண்டியில நீ படுற பாட்ட என்னால பாக்க முடியல. பிக்கப்னா அப்படியே பின்னாடி தூக்கிப் போட்டுட்டுப் போய்ட்டே இருக்கலாம்."

அவள் அதை அப்படியே நம்பினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவள் வேலையைப் பற்றி இவ்வளவு பேசியதே இல்லை. நீலக் காரைப் பழைய வண்டிக் கணக்கில் கொடுத்துவிடலாம் என்று அவன் சொன்னபோது மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்குமுன் உட்கார்ந்து துடைத்தாள். சீட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு கிண்ணம் நிறையத் திரை வளையங்களும் கொக்கிகளும் கிடைத்தன.

புது வண்டி வந்தது. கன்னங்கரேலென்று, முன்பக்கம் ஆள் நெஞ்சுயரம். வாசலில் நிறுத்தியதும் வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்துபோனது. ஒருபக்கச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மனிதன் பக்கவாட்டில்தான் நுழையலாம். குப்பை வாளியை இடம் மாற்றவேண்டி வந்தது. துணி காயப்போடும் கொடியை அவிழ்க்கவேண்டி வந்தது.

மாமியார் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரைக் கண்டக்டரம்மா என்றுதான் சொல்வார்கள். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். ஓடுகிற பேருந்தில் தாவி ஏறிப் பழகியவர். அவர்கூட அந்த வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, மாடிப்படி எங்க?" என்றார். கடைசியில் குளியலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏற்றினார்கள். அந்த ஸ்டூல் அன்றிலிருந்து வண்டியோடு சேர்ந்துவிட்டது.

எதிர்வீட்டில் இருந்த பழைய தபால்காரர், தெருவில் நின்ற வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "தம்பி, தண்ணி லாரிய கொஞ்சம் முன்னாடி எடுக்கிறீங்களா? என் கேட்டு தொறக்க முடியல" என்றார். தெருவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. கணவனுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

முதல் வேலைநாள். அவள் கம்பிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். அவன் பதறி ஓடிவந்தான்.

"இரு, இரு! கீறல் விழுந்துரும்."

"பின்னாடிதானே வைக்கப் போறேன்?"

"பின்னாடிதான். பெயிண்டு அங்கயும் பெயிண்டுதானே?"

அன்றைக்குப் போர்வை விரித்து அதன்மேல் வைத்தார்கள். அடுத்த முறை அவள் ஏணியோடு வந்தபோது பின்பக்கம் முழுவதற்கும் கறுப்பு மூடி போட்டுப் பூட்டியிருந்தது. அதைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையாம். ரப்பர் விளிம்பு கெட்டுப்போகுமாம். "நீ ஒரு வாடகை வண்டி பிடிச்சுக்கயேன், ஒருநாள்தானே?" என்றான் அவன். சொல்லும்போதே ஒரு பஞ்சுத் துணியால் மூடியின்மேல் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவன் கையில் இருந்த அந்த மெத்தென்ற துணியைப் பார்த்தாள். அதைப் போன்ற ஒரு துணியால் அவன் தன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருமுறைகூட நெற்றியைத் துடைத்து அவள் பார்த்ததில்லை. அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

ஒருநாள் மூடி திறந்திருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு பாலிஷ் டப்பா, ஒரு வாசனைத் தைலப் புட்டி, மடித்துவைத்த துணிகள். அவ்வளவுதான். ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம் போன்ற இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் போன்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். அவன் அலுவலகத்து மீசைக்காரர்தான் அதற்குத் தலைவர். தெருவின் இரண்டு பக்கமும் பிக்கப் வண்டிகளை அடைத்து நிறுத்திவிட்டு, ஒருவர் வண்டியை ஒருவர் தடவித் தடவிப் பார்ப்பார்கள். டயரைக் காலால் உதைப்பார்கள். இன்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, ஏதோ கருவைப் பரிசோதிக்கிற டாக்டர்கள் மாதிரி முனகுவார்கள். ஒரு வண்டியின் பின்புறத்திலும் ஒரு கோடு, ஒரு மண்துகள் கிடையாது.

டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, நிஜமாவே கேக்கறேன். காரை விட்டுட்டு எதுக்கு இத வாங்கினீங்க?"

"நாளைக்கே வீடு மாத்தணும்னா?" என்றார் ஒருவர். அவருக்குச் சொந்த வீடு, அதைக் கட்டி முடித்து மாடியும் எழுப்பியாயிற்று.

"மலைப்பக்கம் போலாமே" என்றார் இன்னொருவர். கூட வந்திருந்த அவர் மனைவி உடனே, "இவருக்கு மூணு வளைவு திரும்பினா வாந்தி வரும்" என்று போட்டுக் கொடுத்தாள்.

மீசைக்காரர் டீயை உறிஞ்சிவிட்டு, "காரெல்லாம் பொம்பளைங்க ஓட்டுறதும்மா. இது ஆம்பள வண்டி" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் கணவனும் சிரித்தான். பொம்பளை ஓட்டிய அந்தக் காரின் கூரையில் ஏணி அழுத்திய பள்ளம் இருந்தது. இந்த ஆம்பளை வண்டி சுமந்த அதிகபட்ச எடை அவன் தொப்பைதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்கெல்லாம் நேரான பதில் அவளுக்கு ஒரு வாடிக்கைக்காரரிடம்தான் கிடைத்தது. அவர் ஒரு டாக்டரம்மா. அவர் வீட்டு வாசலிலும் ஒரு பிக்கப் நின்றது. ஏணிமேல் நின்று துளை போட்டபடியே அவள் அதே கேள்வியைக் கேட்டாள்.

டாக்டரம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடி கார்தான் வெச்சிருந்தேன். டெய்லி எவனாவது உரசுவான், திட்டுவான், வேணும்னே முன்னாடி வந்து பிரேக் போடுவான். இதுல ஏறினதுக்கு அப்புறம் ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல. எல்லாரும் பெரிசா வாங்கிட்டாங்க, நாம மட்டும் சின்னதுல போனா நசுங்கிருவோம்னு பயம். அவ்வளவுதான்."

"அப்ப சின்ன வண்டியில போறவங்க?"

"அதான் சொன்னேனே, பயமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா திரையின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவள் அதை வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தாள். கணவனிடமும் அடியில் இருப்பது இந்தப் பயம்தானோ, தீப்பெட்டி என்று ஒருவன் கத்தியதைத் தாங்க முடியாத மனசுதானோ என்று தோன்றியது. ஒருகணம் அவன்மேல் இரக்கம்கூட வந்தது.

அந்த இரக்கமும் நிலைக்கவில்லை, காரணம் அவளேதான். கணவன் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு வீட்டில் இருந்த சமயம், அவசரமாக ஒரு கிளினிக்குக்குத் திரைகளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயிரம் புத்திமதி சொல்லிச் சாவியைக் கொடுத்தான். துணி மூட்டைகள் பின்சீட்டில் ஏறின. மூடியைத் திறக்க அப்போதும் அவனுக்கு மனம் வரவில்லை.

மேலே ஏறி உட்கார்ந்ததும் தெருவே வேறாகத் தெரிந்தது. கார்களின் கூரைகள் கீழே வரிசையாகப் போயின. பேருந்து ஓட்டுநரின் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. வழக்கமாக அவளை இடித்துக்கொண்டு நுழைகிறவர்கள் இன்று தாமாகவே ஒதுங்கினார்கள். முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண், கால்களுக்கு நடுவே காய்கறிப் பையை வைத்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். கர்ட்டன் அக்கா ஹாரனை அழுத்தினாள். தேவையே இல்லை, பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. ஆனாலும் அழுத்தினாள், நீட்டி அழுத்தினாள். அந்தப் பெண் வெலவெலத்து ஓரத்து மண்ணில் இறங்கிக் காலை ஊன்றி நின்றாள். பை சாய்ந்து காய்கள் உருண்டன. தாண்டிப் போகும்போது கர்ட்டன் அக்காவின் உடம்பில் ஒரு சுகமான சிலிர்ப்பு ஓடியது.

கிளினிக் வாசலில் இறங்கியபோதுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. கை கழுவும் இடத்துக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் அந்த வண்டியை ஓட்டவில்லை. கணவனுக்குக் காரணம் சொல்லவும் இல்லை.

தினமும் காலையில் அவன் அலுவலகம் கிளம்பும்போது வாசல் கேட்டைத் திறந்துவிடுவது மாமியார்தான். பேருந்துக்கு விசில் கொடுத்துப் பழகியவர். கையை "ரைட், ரைட், போலாம்!" என்று அசைத்து வண்டியை வெளியே அனுப்புவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கேட்டுக்கு இரண்டு கதவு. ஒன்றைத் தள்ளினால் போதும், மற்றதைத் தரையில் இறங்கிய தாழ்ப்பாளைக் குனிந்து தூக்கித்தான் திறக்கவேண்டும். நீலக் கார் இருந்த காலத்தில் ஒரு கதவே போதுமாக இருந்தது.

அன்று காலை அவள் ஜன்னலோரத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்து விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். வண்டி உறுமியது. மாமியார் முதல் கதவைத் திறந்தார். இரண்டாவது கதவுக்கு வந்து குனிந்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததால் உட்கார்ந்தே இழுத்தார். மேலே ஓட்டுநர் இருக்கையில் கணவன் செல்போனை அதன் இடத்தில் செருகிவிட்டு நிமிர்ந்தான். முன்னால் யாரும் இல்லை. அதாவது அவனுக்கு யாரும் தெரியவில்லை. வண்டி நகர்ந்தது.

"ஐயோ, அத்தை! நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஊசி துணியில் குத்தியபடி நின்றது. அவள் ஓடி வருவதற்குள் கறுப்பு முன்பாகம் மாமியாரின் தோளில் முட்டிக் கேட்டோடு சாய்த்திருந்தது. அவன் பிரேக் போட்டுப் பின்னால் எடுத்தான். மாமியார் பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

கணவன் குதித்து இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எதுக்கும்மா குனிஞ்சீங்க? குனிஞ்சா எனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான்.

மாமியாரை வண்டியில் ஏற்றப் பார்த்தார்கள். அவன் தோளைப் பிடிக்க, அவள் காலைப் பிடிக்க, அந்த உயரத்துக்குத் தூக்கும்போது மாமியார் அலறிய அலறலில் தெருவே வெளியே வந்தது. "வேணாம், கீழ விடு, கீழ விடு!" ஸ்டூலைப் போட்டுப் பார்த்தார்கள், சீட்டைச் சாய்த்துப் பார்த்தார்கள். பின்பக்கத்தில் படுக்கவைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மூடியைக் கழற்றவேண்டும், மூடியின் சாவி அலுவலகத்தில் இருந்தது.

தபால்காரர் தன்னுடைய பழைய காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். கதவைத் திறந்தால் சீட்டு தொடையுயரத்தில்தான் இருந்தது. போர்வையில் வைத்து மெதுவாக உள்ளே நகர்த்தினார்கள். "மெல்ல போங்கண்ணே" என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். "கவலப்படாதம்மா, கண்டக்டரம்மா டிக்கெட் கேக்காம விடமாட்டாங்க" என்று அவர் மாமியாரைப் பார்த்துச் சொல்ல, அந்த வலியிலும் மாமியார் உதட்டைச் சுழித்துச் சிரிக்கப் பார்த்தார்.

இடுப்பெலும்பில் முறிவு. அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கணவன், "வாசல்ல ஈரம், வழுக்கி விழுந்துட்டாங்க" என்றான். மாமியாரும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, வழுக்கிருச்சு" என்றார். அவள் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். பெற்றவள் பொய் சொல்வது புரிந்தது. அதை அவன் அப்படியே எடுத்து உடம்பில் போர்த்திக்கொள்வதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் மீசைக்காரர் பழப்பையோடு வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று தலையை ஆட்டினார். "நல்ல வேள, வீட்ல பெரிய வண்டி இருந்துச்சு. இல்லன்னா இந்த நெலமையில அம்மாவ எப்படிக் கொண்டு வந்திருப்பே?"

அவள் கணவனைப் பார்த்தாள். தபால்காரர் பெயரைச் சொல்வான் என்று ஒரு மூச்சுவரை காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா... அது வந்து, வண்டி இருந்தது நல்லதாப் போச்சு" என்றான்.

குமட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. அவர் கொடுத்த பழப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அத்தை வழுக்கி விழல. அந்த வண்டிதான் இடிச்சது. ஓட்டினது இவருதான். கீழ கெடந்தவங்கள அதுல ஏத்தவும் முடியல. எதிர்வீட்டு அண்ணன் தன்னோட சின்ன காருல கொண்டு வந்தாரு."

மீசைக்காரர் மீசையைத் தடவிவிட்டு, ஏதோ போன் வந்தவர் மாதிரி வெளியே போனார். கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாலு பேருக்கு முன்னாடி மானத்த வாங்கணும்னே இருக்கியா?" என்றான். மாமியாரும் அவளைத்தான் கடிந்துகொண்டார். "வீட்டு விஷயத்த எதுக்குடி வெளிய சொல்றே?" அவள் மாமியாரின் தலையணையைச் சரிசெய்துவிட்டாள்.

வண்டியை விற்றுவிடுவான் என்று அவள் உள்ளுக்குள் நினைத்திருந்தாள். இரண்டொரு வாரம் அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. பிறகு ஒரு மாலை உற்சாகமாக வந்து எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டான். வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கேமரா பொருத்தியிருந்தான். உள்ளே திரையில் கேட்டின் அடிப்பாகம் தெரிந்தது. "இப்ப எறும்பு போனாக்கூட தெரியும்!" என்று எதிர்வீட்டுத் தபால்காரரையும் ஏற்றிக் காட்டினான். அவர் பார்த்துவிட்டு இறங்கி, "நல்லாத் தெரியுது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வாக்கர் பிடித்துக்கொண்டு கதவருகே நின்ற மாமியார் அதைப் பார்க்க வரவில்லை. உள்ளே திரும்பிப் போனார்.

அவள் அடுத்த மாதம் ஒரு பழைய கார் வாங்கினாள். வெளிறிய சிவப்பு, ஒரு பக்கம் நசுங்கியது. கூரையில் ஏணி கட்டினாள். முன்சீட்டைச் சாய்த்துக் கம்பிகளை நீட்டினாள். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு மாமியாரைக் கூட்டிப்போகிற நாட்களில் கம்பிகளை எடுத்துவிட்டு முன்சீட்டை நிமிர்த்துவாள். "இதுல ஒக்காந்தா ரோடு கிட்ட தெரியுது" என்று மாமியார் ஒருநாள் சொன்னார். மகனைப் பற்றி இருவரும் அந்தக் காருக்குள் பேசியதில்லை.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, துணிகள் துவைத்து மடிக்கப்பட்டன. உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்றால் அவன் தன் வண்டியில் தனியாகப் போய் நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றிக்கொண்டிருப்பான். இவர்கள் இரண்டு பேரும் அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அவன் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ரொம்ப நேரம் அவள் துணி வெட்டுவதைப் பார்த்தான்.

"இன்னும் எம்மேல கோவமா?"

"கோவம் இல்லங்க."

"பின்ன என்ன?"

கத்திரி ஓடிக்கொண்டிருந்தது. கோபமாக இருந்திருந்தால் எப்போதோ கத்தித் தீர்த்திருப்பாள், ஆறியும் போயிருக்கும். அந்த ஆஸ்பத்திரி அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்ன வார்த்தை, அவன் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டலாக வந்து நின்றது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். அதை ஒரு மனிதனின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அவன் தள்ளி நின்றான். அவள் துணியை நேராக்கிக்கொண்டு வெட்டினாள்.